முன்பல்லின் மூலை

பல் வலி என்று யார் வந்து நின்றாலும் என்னிடம் இரண்டே பேச்சுதான். முதலில், எந்தப் பல்? அடுத்தது, பிடுங்கிப் போடு. நான் டாக்டர் இல்லை, பல் செட் செய்கிறவள். முப்பத்து நான்கு வருடமாக மாவும் மெழுகுமாக அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டிக் கொடுக்கிறவளிடம் வந்து வேர் சிகிச்சை, ஆறு தடவை கிளினிக் நடை என்றெல்லாம் பேசினால் எரிச்சல்தான் வரும். ஆட்டம் கண்ட பல்லைப் போற்றி வைத்து என்ன ஆகப் போகிறது? இப்படிச் சொல்லிச் சொல்லியே சூலியா தெருவில் பாதிப் பேர் என் கையால் செய்த பல்லில்தான் சாப்பிடுகிறார்கள். காசு மாற்றும் கடைக்கு மேலே, மரப்படி ஏறி வந்தால் என் அறை. பெயர்ப்பலகை கிடையாது. நூர்ஜான் அக்கா கடை என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

துளசி முதல் தடவை அந்தப் படியேறி வந்தது போன நோன்புக்கு இரண்டு மாதம் முன்னால். ஃபேக்டரி சட்டையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். அப்போது பாசார் மீன்காரர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தப் பல், மேலா கீழா, சூடு பட்டால் வலிக்கிறதா, கடித்தால் வலிக்கிறதா என்று நான் அவரை உருட்டி எடுத்துவிட்டு, கடைசியில் வழக்கம்போல் பிடுங்கச் சொல்லி அனுப்பினேன். அதுவரை அவள் மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். செட்டுக்கு வந்தவள் என்றுதான் நினைத்தேன். அவள் கைத்தொலைபேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினாள்.

"அக்கா, இந்தக் கையெழுத்து உங்களோடதா?"

என்னுடையதுதான். பழைய லேப் சீட்டு. நான் அரசாங்கப் பல் கிளினிக்கில் வேலை பார்த்த காலத்தில் வார்க்கிற ஒவ்வொரு பல் அச்சோடும் அப்படி ஒரு சீட்டு போகும். வார்த்தவர் தேதி எழுதி, பெயரைச் சுருக்கிப் போடவேண்டும். தேதியை இரண்டு தடவை படித்தேன். அவள் தன் அண்ணன் பெயர் சுகுமாரன், சிம்பாங் அம்பாட் கேஸ் என்று சொல்லி முடிக்கும் முன்னாலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக யாராவது ஒருநாள் வருவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தவள் நான்.

அது பன்னிரண்டு வருடம் முன்னால், ஒரு நோன்பு மாதம். சிம்பாங் அம்பாட்டில் ஒரு ஃபேக்டரி ஹாஸ்டலுக்குப் பின்னால், மழைத் தண்ணீர் ஓடுகிற காவாயில் ரொஸ்னா என்கிற பெண்ணைப் பிணமாக எடுத்தார்கள். இருபத்து நான்கு வயது. கழுத்தை நெரித்திருந்தான் பாவி. தண்ணீர் எல்லாத் தடயத்தையும் கழுவிவிட்டது. தோளில் கடித்த காயம் ஒன்றுதான் மிச்சம். வேலையாட்களை ஏற்றி இறக்குகிற வேன் டிரைவர் சுகுமாரன். ஒரு நாள் அந்தப் பெண்ணுக்காகக் காத்திருக்காமல் வேனை எடுத்துவிட்டானாம். மறுநாள் அவள் ஆள் கூட்டத்தில் அவனை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள், அவனும் பதிலுக்குக் கத்தியிருக்கிறான். அன்று ராத்திரி, அவள் செத்த ராத்திரி, அந்தப் பக்கம் அவன் வேன் நின்றதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். போலீசுக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் அவனுக்கு விலங்கு மாட்டி எங்கள் கிளினிக்குக் கூட்டி வந்துவிட்டார்கள்.

அச்சு எடுத்தது டாக்டர் காஜா மொய்தீன். நல்ல மனிதர். இதை நான் அழுத்தித்தான் சொல்வேன். என் புருஷன் என்னையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போனபோது எனக்கு அந்த வேலை கிடைக்க நடையாய் நடந்தவர் அவர். சுகுமாரன் வாயில் மாவுத் தட்டை வைத்து அச்சு எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, இது போலீஸ் சாமான், வார்த்த பிறகு ஒன்றையும் தொடாதே, செதுக்காதே, மெழுகு வைக்காதே என்றார். சரி என்றேன்.

அச்சுக்குள் பிளாஸ்டரை ஊற்றும்போது தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அப்போதுதான் காற்றுக் குமிழி மேலே வந்து உடையும். தட்டுகிற மெஷின் கெட்டுப்போய் ஒரு மாதமாகியிருந்தது, கையால்தான் தட்டினேன். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை நீண்டிருக்கும், பிந்திப் போனால் தூக்குவாளியைக் காலியாகத்தான் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அன்று எனக்கு அந்தக் கஞ்சி பெரிதாக இருந்தது. ஐம்பது தடவை தட்டவேண்டிய இடத்தில் இருபது தட்டிவிட்டு, காயட்டும் என்று வைத்துவிட்டு ஓடினேன். கஞ்சி கிடைத்தது.

மறுநாள் காலையில் அச்சைப் பிரித்தால், மேல் வரிசையில் இடது முன்பல்லின் மூலை இல்லை. கடுகளவு குழி. உருண்டையாக, உள்ளே வழவழப்பாக இருந்தது. பல் உடைந்தால் அப்படி இருக்காது, கூராக, தட்டையாக இருக்கும். இது குமிழி. என் சோம்பேறித்தனம். சாதாரண செட் வேலையாக இருந்தால் சிவப்பு மெழுகு ஒரு சொட்டு வைத்து மூடியிருப்பேன், ஒரு நிமிஷ வேலை. ஆனால் தொடாதே என்று சொல்லியிருந்தார்களே, தொடவில்லை. டாக்டர்தான் அவன் வாயைப் பார்த்தவர், அவருக்குத் தெரியாதா என்று நினைத்துச் சீட்டில் பெயரைச் சுருக்கிப் போட்டு மேசையில் வைத்தேன்.

அவருக்குத் தெரியவில்லை. முந்தின நாள் நோன்பு திறக்க அவரும் அவசரமாகக் கிளம்பியவர்தானே. எந்தப் பல் எப்படி இருக்கிறது என்று குறித்து வைக்கிற படிவத்தை அவர் அன்று நிரப்பவில்லை. மறுநாள் நான் வார்த்த அந்த பிளாஸ்டர் பல் மாடலைக் கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் நிரப்பினார். மேல் இடது முன்பல், மூலை உடைந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து கேஸ் நடந்தபோது பேப்பரில் படித்தேன். ரொஸ்னாவின் தோள் காயத்தில் பற்கள் பதிந்த வளைவில் ஓரிடம் வெறுமையாக இருக்கிறதாம். சுகுமாரனின் பல் மூலை உடைந்திருப்பதும் அதே இடமாம். இது வேறு எவன் பல்லாகவும் இருக்கமுடியாது என்று டாக்டர் கூண்டில் நின்று சொல்லிவிட்டார். என் பல் நல்லாத்தான் இருக்கிறது, பாருங்கள் என்று அவன் கோர்ட்டிலேயே வாயைத் திறந்து காட்டியிருக்கிறான். இரண்டு வருடம் உள்ளே இருந்தபோது சிமெண்டில் தேய்த்து மட்டமாக்கிக்கொண்டிருப்பான் என்று பதில் வந்தது. அவனுக்குப் பேச வந்த லாயர் அதோடு உட்கார்ந்துவிட்டார். தூக்கு என்று தீர்ப்பு.

நான் அந்தப் பேப்பரை மடித்துக் குப்பையில் போட்டேன். என் மகள் ஷாஹிரா அப்போது யுனிவர்சிட்டியில் முதல் வருடம். எனக்குப் பென்ஷனுக்கு இரண்டு வருடம் பாக்கி. வாயைத் திறந்தால் வேலை போகும், டாக்டர் மானம் போகும், என்னை வைத்து ஆளாளுக்குப் பேசுவார்கள். இதெல்லாம் காரணமா? ஒரு ஆளின் கழுத்துக்கு இதெல்லாம் ஒரு காரணமா? ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்தது. பிறகு சட்டம் மாறி, அவன் தூக்கு போய் முப்பது வருடச் சிறை ஆனது என்று கேள்விப்பட்டபோது, சரி, உயிர் தப்பியதே என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். வெட்கம் கெட்டவள்.

இத்தனையும் தலைக்குள் ஓடி முடிகிறவரை துளசி கைத்தொலைபேசியை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். புது லாயர் ஒருவர் கேஸைத் திரும்பத் திறக்கப் பார்க்கிறார், அந்த மாடலை யார் வார்த்தது, எப்படி வார்த்தது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும் என்றாள். கிளினிக்கில் பழைய ஆட்களைத் தேடித் தேடி என்னைக் கண்டுபிடித்திருக்கிறாள். டாக்டர் காஜா மொய்தீன் மௌத்தாகி அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை. பள்ளிவாசலில் எத்தனை கூட்டம், எத்தனை பேர் அழுதார்கள். அந்த மனிதரைக் கப்ரிலிருந்து இழுத்துப்போடச் சொல்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம்.

"ஆயிரக்கணக்குல வார்த்திருக்கேன்மா. ஞாபகம் இல்லலா," என்றேன்.

அவள் நம்பினாளா தெரியவில்லை. பையில் கைவிட்டு, தன் நம்பரை எழுதிய துண்டுச்சீட்டை மேசையில் வைத்தாள். எழுந்தவள் போகாமல் நின்றாள். அண்ணனுக்குக் கொஞ்ச நாளாகப் பல் வலி, முகம் வீங்கித் தூக்கமில்லாமல் கிடக்கிறான், நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கிறீர்களே, என்ன செய்யச் சொல்லலாம் என்று கேட்டாள். நான் மெழுகுக் கத்தியைத் துடைக்கிற சாக்கில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிடுங்கச் சொல்லு. நிம்மதி."

சரிக்கா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அதன் பிறகு ஏழு வாரம் என்னால் ஒழுங்காக ஒரு வேலை செய்ய முடியவில்லை. வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். ஷாஹிரா என்னம்மா உனக்கு என்று கேட்டதற்கு, அவளையும் கடித்துக் குதறினேன். நோன்பு பிறந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒரு டீச்சரின் அச்சை வார்த்துப் பிரித்தால், முன்பல் மூலையில் அதே கடுகளவு குழி. கை பழக்கத்தில் மெழுகை எடுத்துவிட்டது. விளக்கில் காட்டினேன், உருகியது, சொட்டியது. வைக்க முடியவில்லை. மெழுகு மேசையில் விழுந்தது. அந்த ஒரு சொட்டை அன்றைக்கு வைத்திருந்தால் ஒருத்தன் பன்னிரண்டு வருடம் வீட்டில் சாப்பிட்டிருப்பான். நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு துண்டுச்சீட்டைத் தேடி எடுத்து துளசிக்குப் போன் செய்தேன்.

லாயர் புவனேஸ்வரனின் ஆபீஸ் கோர்ட்டுக்குப் பக்கத்தில். மறுநாளே துளசியும் நானும் போய் உட்கார்ந்தோம். குமிழி, கஞ்சி வரிசை, டாக்டர் மாடலைப் பார்த்துப் படிவம் நிரப்பியது, நான் துளசியிடம் பொய் சொன்னது வரை ஒன்றையும் மறைக்காமல் கொட்டினேன். துளசி கையை மடியில் வைத்துத் தரையைப் பார்த்தபடி இருந்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புவனேஸ்வரன் ஒல்லியான ஆள், பேசும்போது பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம். வெளிநாடுகளில் இப்படிக் கடித்த காயத்தை நம்பி உள்ளே போட்டவர்களை இருபது, முப்பது வருடம் கழித்துக் குற்றமில்லை என்று வெளியே விட்டிருக்கிறார்கள் என்றார். தோல் பிளாஸ்டர் இல்லை, இழுபடும், வீங்கும், செத்த பிறகு சுருங்கும். கைரேகை மாதிரி பல்லை வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்று அங்கே பெரிய ஆராய்ச்சிக்காரர்களே எழுதியிருக்கிறார்களாம்.

"டாக்டர்கிட்ட ஒரே வாயக் குடுத்து, இதானான்னு கேட்டிருக்காங்கக்கா. இதான்னுதான் சொல்வாரு. பத்துப் பேரோட அச்ச கலந்து குடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

ஆனால் இதை மட்டும் எழுதிக் கொடுத்தால் கோர்ட் அசையாது, கையில் பிடித்துக் காட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். கேஸ் முடிந்ததும் பிளாஸ்டர் மாடலை அழித்துவிட்டார்கள். அளவுகோலை வைத்து எடுத்த படங்கள் மட்டும் ஃபைலில் இருந்தன. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. அவன் சிமெண்டில் தேய்த்து மட்டமாக்கினான் என்றுதானே சொன்னார்கள்? மூலை போன பல்லை மட்டமாக்கவேண்டுமென்றால் முழுப் பல்லையும் குட்டையாக்கவேண்டும். இப்போது அவன் வாயில் இருக்கிற பல்லை அளந்து பாருங்கள். படத்தில் இருக்கிற அதே நீளம் இருந்து, மூலையும் முழுசாக இருந்தால், அது உடையவும் இல்லை, தேயவும் இல்லை. டாக்டர் சொன்ன அடையாளமே பொய்யாகிவிடும்.

புவனேஸ்வரன் வாயிலிருந்து பேனா மூடி விழுந்தது. "அக்கா, இது போதும்லா," என்றார். துளசி அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, அதற்கு மேல் ஆசையும் இருந்தது. சிறைக்கு அன்றே கடிதம் போனது. சுகுமாரனின் மேல் இடது முன்பல்லை வெளி டாக்டர் ஒருவர் அளந்து படமெடுக்க அனுமதி வேண்டும் என்று.

நான் அந்த நாட்களில் எப்படித் தொழுதேன் என்று எனக்கும் அல்லாவுக்கும்தான் தெரியும். பன்னிரண்டு வருடமாக முதுகில் உட்கார்ந்திருந்தது இறங்கப் போகிறது என்று நினைத்தேன். பதினோராம் நாள் புவனேஸ்வரன் போனில் கூப்பிட்டு, சிறையிலிருந்து பதில் சுராட் வந்துவிட்டது, வாருங்கள் என்றார். குரலே சரியில்லை. நான் போய்ச் சேரும்போது துளசி ஏற்கெனவே அங்கே இருந்தாள். அவர் மலாயில் இருந்த கடிதத்தை மெதுவாகப் படித்துக் காட்டினார். குறிப்பிட்ட பல் இப்போது இல்லை. யாரோ அடித்ததில் வேர் அழுகி, கறுத்து, சீழ் கோத்திருந்தது. வேர் சிகிச்சைக்கு அனுப்பவா என்று கேட்டதற்குக் கைதி வேண்டாம், பிடுங்கிவிடுங்கள் என்று தானே கேட்டுக்கொண்டதால் பிடுங்கப்பட்டது. மூலை, நீளம், ஒரு குறிப்பும் இல்லை. கீழே தேதி இருந்தது. துளசி என் கடைக்கு வந்துபோன ஒன்பதாம் நாள்.

பிடுங்கிய பல் எங்கே என்று கேட்டேன். கேட்கும்போதே தெரியும், எனக்குத் தெரியாதா? பிடுங்கிய பல்லை யார் வைத்திருப்பார்கள். கிளினிக் குப்பையோடு போய் அன்றே எரிந்திருக்கும்.

பக்கத்துப் பற்களையாவது அளப்போம் என்றார் புவனேஸ்வரன். அளந்தார்கள். அவை அப்படியேதான் இருந்தன, ஆனால் அவற்றைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லையே. நடந்ததையெல்லாம் எழுதிய சத்தியக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். விசாரணையில் அரசாங்க லாயர், ஒரு இளம்பெண், என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டாள். நீங்கள் சொல்கிற குழியைக் காட்டமுடியுமா? மாடல் இல்லை. பல்லைக் காட்டமுடியுமா? பல் இல்லை. இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை? ஒரு மூத்த மருத்துவரின் சாட்சியத்தை, அவர் இறந்த பிறகு, ஒரு லேப் ஊழியரின் பழைய ஞாபகத்தை மட்டும் வைத்துத் தள்ளமுடியாது என்று மனு தள்ளுபடியானது. அதில் நான் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் என்னை நம்பியிருக்கமாட்டேன்.

தீர்ப்பு வந்து ஒரு வாரம் கழித்து துளசி மறுபடி மரப்படி ஏறி வந்தாள். அதே ஃபேக்டரி சட்டை. மீன்காரர் தன் புது செட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். துளசி அதே முக்காலியில் உட்கார்ந்தாள். திட்டட்டும், அறையட்டும், எதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவள் அண்ணனைப் பற்றிப் பேசினாள். சிறையில் வேர் சிகிச்சை என்று சொன்னபோது, பார்க்கப் போன இவளிடம் அண்ணன் யோசனை கேட்டானாம். பல் தொழிலில் இருக்கிற ஒரு அக்கா பிடுங்கச் சொன்னார்கள் என்று இவள்தான் சொன்னாளாம். அவன் உடனே சரியென்றுவிட்டானாம். மெல்லிய குரலில் சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு அந்த மீன்காரர்கிட்ட எந்தப் பல்லு எந்தப் பல்லுன்னு அத்தன தடவ கேட்டீங்க. எங்கிட்ட மட்டும் ஏன்க்கா கேக்கல?"

கேட்டிருந்தால் முன்பல் என்று சொல்லியிருப்பாள். இடது பக்கம் என்று சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் என் வாயால் பிடுங்கு என்று வந்திருக்காது, எத்தனை பெரிய பாவியாக இருந்தாலும் வந்திருக்காது. இந்த ஒரு தடவையாவது அவளிடம் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தேன்.

"நீ சீக்கிரம் எந்திரிச்சுப் போகணும்னு இருந்துச்சுமா," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து போனாள்.